மடக்கு மேஜையும் அதற்கு மரம் தேர்தலும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட உபந்நியாசம்)



கிராமத்து ஐக்கிய சங்கங்களிற் பலவற்றிற்குச் சொந்தக் கட்டிடம் இருப்பதில்லை. மாதக் கூட்டம் பள்ளிக்கூடத்திலோ, கோவில் மண்டபத்திலோ, ஓர் அங்கத்தினர் வீட்டுத் திண்ணையிலோ நடைபெறுகிறது. அன்று கணக்குப் புஸ்தகம் வைக்கவும், பணம் எண்ணவும், கையெழுத்து வாங்கவும் ஒரு மேஜை வேண்டும். கூட்டம் கலைந்ததும் அந்த இடம் பள்ளிப் பிள்ளைகளுக்கோ, வழிபட வருவோர்க்கோ, வீட்டுக்காரருக்கோ திரும்ப வேண்டும். ஆகவே, வேண்டும்பொழுது விரியவும், வேண்டாதபொழுது சுவரோரம் சாய்ந்து நிற்கவும் கூடிய மடக்கு மேஜையே சங்கத்திற்கு ஏற்றது. இடம் குறுகிய குடியானவர் வீட்டிற்கும், படிக்கும் பிள்ளையுள்ள வீட்டிற்கும் அதுவே ஏற்றது. இதனை ஊரிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் இதில் கைவேலையைக் காட்டிலும் முன்யோசனையே முக்கியம் என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம்.

ஒரு கிராமத்துச் சங்கத்தார் மடக்கு மேஜை செய்வதென்று தீர்மானித்தனர். பொக்கிஷதார் சந்தைக்குப் போனவர், மலிவாகக் கிடைத்ததென்று புதிதாக அறுத்த மாம்பலகைகளை வண்டியில் ஏற்றி வந்தார். அளவு எதுவும் குறித்துக்கொண்டு போகவில்லை. ஊர்த் தச்சர் பலகையைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஐயா, மரம் பச்சையாக இருக்கிறது. நிழலில் அடுக்கிச் சில மாதம் பொறுத்தால் நல்ல மேஜை செய்து தருவேன்" என்றார். "அடுத்த வாரம் கூட்டம், பொறுக்க முடியாது, ஆசாரியாரே" என்று பஞ்சாயத்தார் அவசரப்படுத்தினர். மேஜை குறித்த நாளில் முடிந்தது, எல்லோரும் மெச்சினர். பங்குனி, சித்திரை வெயில் கடந்தது. மேற்பலகைகளின் இடையே விரல் நுழையும் சந்து விழுந்தது. ஒரு மூலை மேலே எழும்பிற்று. கால்கள் மடங்க மறுத்தன. வெள்ளையான பாகத்திலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தது. ஒரு மாதக் கூட்டத்தில், பணம் எண்ணிக்கொண்டிருந்தபோதே ஒரு கால் நழுவி மேஜை சாய்ந்தது. நாணயங்கள் தரையில் சிதறின. மைக்கூடு பேரேட்டின்மேல் கவிழ்ந்தது. பணத்தைப் பொறுக்கி எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. பேரேட்டில் மறைந்த பக்கத்தை ரசீதுகளைக் கொண்டு மீண்டும் எழுத மூன்று நாள் சென்றது.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பஞ்சாயத்தார் தச்சரைக் குறை கூறிக் கூலியின் மீதியை நிறுத்தி வைத்தனர். தச்சரும் அந்தச் சங்கத்தின் அங்கத்தினரே. முன்கூட்டி எச்சரித்த மனிதர், பொதுக் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றார். சங்கத்தின் மூலதனம் பணம் மட்டுமன்று. ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையே அதன் முதல் மூலதனம். பச்சை மரம் அந்த நம்பிக்கையையும் அல்லவா வெடிக்கச் செய்துவிட்டது!

அந்த மேஜை ஏன் கெட்டது, எப்படிச் செய்திருந்தால் கெட்டிராது என்பதை முறையாக ஆராய்வோம்.

முதலாவது, உபயோகத்தைத் தீர்மானித்தல்

மேஜையில் யார் அமர்வர், என்ன வைப்பர், யார் தூக்குவர் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்பே அளவு குறிக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து எழுதுவதற்கு 29 அங்குல உயரம் பொருத்தமானது. பேரேட்டை விரித்து வைத்து, எதிரில் ஒருவர் கையெழுத்திடவும் இடம் வேண்டுமானால் 4 அடி நீளமும் 2 அடி அகலமும் போதும். இதனினும் பெரிதாக்கினால் ஒருவர் தூக்க இயலாது. சிறிதாக்கினால் பேரேடு வைத்தபின் பணம் எண்ண இடமிராது.

இரண்டாவது, மடங்கும் விதத்தை வரைந்து பார்த்தல்

மடக்கு மேஜைகளிற் பல விதம் உண்டு. கத்தரி போலக் குறுக்கே மாறிய கால்களுடையது ஒன்று. பலகையின் அடியில் இரு கால் சட்டங்கள் கீலில் மடங்குவது மற்றொன்று. இரண்டாவது விதம் கிராமத் தச்சருக்கு எளிது. உட்காருவோர் முழங்காலுக்கும் இடம் தரும். அதையே எடுத்துக்கொள்வோம்.

மேற்பலகை முக்கால் அங்குல கனம். அதன் அடியில், ஒவ்வொரு முனையிலிருந்தும் 4 அங்குலம் தள்ளி, குறுக்காக ஓர் அடிச்சட்டம் வருகிறது. அதன் நீளம் 21 அங்குலம், அகலம் 2 அங்குலம், கனம் 1¼ அங்குலம். அடிச்சட்டத்தின் உள்விளிம்பில் கால் சட்டம் கீலால் பொருந்துகிறது. காலின் நீளம் 27 அங்குலம். பலகையும் அடிச்சட்டமும் சேர்ந்து 2 அங்குலம்; ஆக மொத்தம் 29 அங்குலம் சரியாக வருகிறது.

இங்கேதான் பலர் தவறுவர். மேஜையின் பாதி நீளம் 24 அங்குலமே. முனையிலிருந்து 6 அங்குலத்தில் கீல் உள்ளது. அதிலிருந்து 27 அங்குலக் காலை உட்புறம் மடக்கினால் அதன் பாதம் 33-வது அங்குலத்தில் போய் நிற்கும். எதிர்ப்புறத்துக் காலும் அவ்வாறே நீண்டு வரும். இரண்டும் ஒரே அகலமாயிருந்தால் நடுவில் முட்டிக்கொள்ளும், மேஜை மடங்காது. ஆதலால் ஒரு கால் சட்டத்தை வெளியகலம் 21 அங்குலமாகவும், மற்றதை 17½ அங்குலமாகவும் செய்ய வேண்டும். கால்கள் 1½ அங்குலச் சதுரமாயின் பெரிய சட்டத்தின் உள்ளகலம் 18 அங்குலம் ஆகிறது. சிறியது அதனுள் பக்கத்திற்குக் கால் அங்குல இடைவெளியுடன் படுத்துக்கொள்ளும்.

கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் யோசித்தே வைக்க வேண்டும். ஒன்று கீலின் அருகே காலின் தலையில் வரும். மற்றதன் கீழ்விளிம்பு, காலின் தலையிலிருந்து 8 அங்குலத்தைத் தாண்டலாகாது. 9 அங்குலத்திற்கு அப்பால் எதிர்ச் சட்டத்தின் பாதம் வந்து படுக்கும் இடம் தொடங்குகிறது. அங்கே குறுக்குச் சட்டம் இருந்தால் தடுக்கும். இவ்விதம் செய்த மேஜை மடங்கியபின் 3½ அங்குல கனமே இருக்கும்.

காலை விரித்தபின் அது தானே மடங்காமலிருக்க, ஒவ்வொரு கால் சட்டத்திற்கும் இரண்டாக, இடையில் முறிந்து பூட்டிக்கொள்ளும் இரும்புத் தாங்கிகள் நான்கு வேண்டும். முற்கூறிய சங்கத்தில் மேஜை சாய்ந்ததற்கு ஒரு காரணம், தாங்கியின்றிக் கீலை மட்டும் நம்பியதே. தாங்கிகளை முதலில் வாங்கி, மடங்கும்போது எங்கே படுக்கின்றன என்று பார்த்த பின்பே அவற்றின் இடத்தைக் குறிக்க வேண்டும்.

இவ்வளவையும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைந்து, இரண்டு மூங்கிற் பிளாச்சுகளைக் கால்களாக வைத்து மடக்கிப் பார்ப்பது நலம். சுண்ணாம்புக் கோட்டை அழித்துத் திருத்தச் செலவில்லை. அறுத்த மரத்தை ஒட்டவைக்க வழியில்லை.

மூன்றாவது, மரக் கணக்கு

வரைபடம் முடிந்தால் மரக் கணக்கு எளிது. மேற்பலகைக்கு 864 கன அங்குலம். கால்கள் நான்கிற்கு 243. அடிச்சட்டம் இரண்டிற்கு 105. இரண்டு அங்குல அகலமும் ஓர் அங்குல கனமும் உள்ள குறுக்குச் சட்டம் நான்கிற்கு 154. ஆக 1,366 கன அங்குலம். ஒரு கன அடி 1,728 கன அங்குலமாதலால், முடிந்த மேஜையில் முக்கால் கன அடிக்குச் சற்று மேற்பட்ட மரம் இருக்கிறது. ரம்பத்திலும் இழைப்புளியிலும் போகும் சேதத்தையும் சேர்த்து 1¼ கன அடி வாங்கினால் போதுமானது. இக்கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மரவாடிக்குச் செல்பவர், இரண்டு கன அடி வாங்கி மீதியை அடுப்பில் இடவும் மாட்டார். குறைவாக வாங்கி மறுபடி வண்டிக்கூலி கொடுக்கவும் மாட்டார்.

நான்காவது, எந்த மரம்?

தேக்கு இதற்கு முதல்தரமானது. நன்றாக உலர்ந்த தேக்கின் எடை கன அடிக்குச் சுமார் 18½ கிலோ. அதன் வைரத்திலுள்ள எண்ணெய்ப் பசை கரையானைத் தடுக்கிறது. உலர்ந்தபின் மழைக்கும் வெயிலுக்கும் அதிகமாக நெளிவதில்லை. விலை அதிகமென்பதே குறை. நீலகிரிக்கு மேற்கே மலையாளத்து நிலம்பூரில், கலெக்டராயிருந்த கானலி துரையும் அவருக்கு உதவிய சாத்து மேனனும் 1840-களிலேயே தேக்குத் தோப்பு வைக்கத் தொடங்கியது, அம்மரத்தின் தேவை அன்றே பெருகியிருந்ததனால்தான்.

வேங்கை பலமானது, ஆனால் கனமானது. ஈரம் பட்டால் அதன் சாறு கசிந்து காகிதத்திலும் துணியிலும் கறை ஏற்றக்கூடும். ஆகையால் கால்களுக்கு நன்று. கணக்குப் புஸ்தகம் வைக்கும் மேற்பலகைக்கு அவ்வளவு ஏற்றதன்று.

பலா, வீணை செய்ய உதவும் மரம். மஞ்சள் நிறமாயிருந்து நாளடைவில் பழுப்பாக மாறும். வைரம் பூச்சிக்கு எளிதில் இடங்கொடாது. இழைப்புக்கும் மெருகிற்கும் இணங்கும். தேக்கு கிடைக்காத இடத்தில் மேற்பலகைக்குப் பலாவைத் தேடலாம்.

பூவரசும் வேம்பும் ஊரிலேயே கிடைப்பவை. பூவரசு நெகிழ்ந்து கொடுக்கும் உறுதியுடையது. அகன்ற நேர்ப்பலகை கிடைப்பது அரிதாயினும் கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் உகந்தது. வேம்பின் வைரம் பூச்சியைத் தாங்கும். ஆனால் அதன் இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் இழைப்புளிக்குச் சிரமம் தரும். நேரிழையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

மா மலிவு. மாம்பலகையால் மேஜையே செய்யலாகாது என்பதில்லை. வண்டு துளைக்காதபடி வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் பதப்படுத்தி, நன்றாக உலர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் உழைக்கும். பதப்படுத்தாத பச்சை மாவே கெடுதல். கருவேல் ஏருக்கும் வண்டிக்கும் சிறந்தது. தூக்கி வைக்கும் மேஜைக்கு மிகக் கனம்.

எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்கூறிய அளவில் செய்த மேஜை தேக்கில் 15 கிலோவையும், முழுதும் வேங்கையில் 18 கிலோவையும் ஒட்டியிருக்கும். மூன்று கிலோ சிறிதென்று தோன்றும். மாதந்தோறும் தெருவழியே சுமப்பவருக்கே அதன் அருமை தெரியும்.

பழைய மரத்தையும் மறக்கலாகாது. பிரித்த வீட்டின் உத்தரமும், கைம்மரமும், கதவுப் பலகையும் பல்லாண்டு உலர்ந்து சுருங்க வேண்டியவை சுருங்கி முடிந்தவை. செட்டிநாட்டு மாளிகைகளில் உபயோகித்த பர்மாத் தேக்கு, அவ்வீடுகள் பிரிக்கப்பட்டபின் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வருவதைப் பலரும் அறிவர். பழைய மரத்தில் மறைந்த ஆணி உண்டோ, தட்டினால் பொக்கையான ஓசை வருகிறதோ, துளைகளிலிருந்து புதுத்தூள் உதிர்கிறதோ என்று மட்டும் சோதிக்க வேண்டும். பட்டா நிலத்தில் நிற்கும் சொந்த மரத்தை வெட்ட நினைப்பவர், தேக்கு முதலியவற்றிற்கு வனத்துறையின் அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரித்துக்கொள்வது கடமை.

ஒட்டுப்பலகையும் மேற்பலகைக்கு உதவும். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் சுருக்கமும் விரிவும் மிகக் குறைவு. ஈரம் தாங்கும் தரமானதைக் கேட்டு வாங்கி, ஓரங்களில் மரச்சட்டம் அடித்து மூடினால் தேக்கினும் குறைந்த செலவில் காரியம் முடியும்.

ஐந்தாவது, பலகையைப் பார்க்கும் விதம்

மரவாடியில் பலகையின் முகத்தைப் பார்ப்பவர் பலர். முனையைப் பார்ப்பவர் சிலர். முனையில்தான் மரத்தின் ஜாதகம் எழுதியிருக்கிறது. அங்கே தெரியும் வளையக் கோடுகள் பலகையின் முகத்திற்குச் செங்குத்தாக நின்றால் அந்தப் பலகை குறைவாகச் சுருங்கும்; நெளியாது. கோடுகள் முகத்தோடு படுத்த வில்லைப் போல வளைந்திருந்தால் அது ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். குழிந்து வளையவும் செய்யும். மரத்தின் நடுத்தண்டு உள்ள பலகை வெடிக்கும். அதைத் தள்ள வேண்டும்.

வெளிறு, அதாவது பட்டையை அடுத்த வெள்ளைப் பாகம், மாவுச்சத்து உடையது. வண்டுக்கு அதுவே ஆகாரம். வைரம் மிகுந்த பலகையையே எடுக்க வேண்டும். காலுக்குரிய கட்டையில் கணு இருக்கலாகாது. பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனை வரை ஓரத்தைப் பார்த்தால் கோணலும் முறுக்கும் தெரியும்.

ஆறாவது, உலர்த்துதல்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்குகிறது. நல்ல தேக்கே ஆயினும், பச்சையாக இருக்கும்போது 24 அங்குல அகலத்தில் செய்த மேற்பலகை, வீட்டில் உலர்ந்து முடிவதற்குள் முக்கால் அங்குலம் வரை குறையக் கூடும். மற்ற மரங்களிற் பல இதனினும் அதிகமாகக் குறையும். அந்த முக்கால் அங்குலமே முற்கூறிய மேஜையில் விரல் நுழையும் சந்தாக வந்தது.

பலகைகளைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, கூரையின் கீழ், காற்று வீசும் இடத்தில் அடுக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலக் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி வைக்க வேண்டும். முனைகளில் வர்ணம் பூசினால் அவை முந்தி உலர்ந்து வெடிப்பது குறையும். மேலே கனமான கல் வைத்தால் நெளிவு அடங்கும். வெயிலில் போட்டு அவசரமாகக் காய்ச்சுவது கூடாது. ஓர் அங்குல கனத்திற்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் நாட்டுக் காற்றில் மெல்லிய பலகை அதனினும் விரைவாகவே உலரும்.

உலர்ந்ததா என்று அறிய ஊகம் வேண்டாம், தராசு இருக்கிறது. ஒரு பலகையைத் தேர்ந்து வாரந்தோறும் நிறுத்து எழுதிவர வேண்டும். எடை குறைந்துகொண்டே வரும்வரை நீர் வெளியேறுகிறது. மழையில்லாத நாட்களில் தொடர்ந்து சில வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் அவ்வூர்க் காற்றோடு சமமாகிவிட்டது என்று கொள்ளலாம். சங்கக் கணக்கை எழுதத் தெரிந்தவர்க்கு இந்தக் கணக்கும் எளிதே.

ஏழாவது, பொருத்துதல்

உலர்ந்த மரமும் மழைக்காலத்தில் சிறிது விரியும், கோடையில் சிறிது சுருங்கும். 24 அங்குல அகலத்தில் இவ்வேறுபாடு அரைக்கால் அங்குலம் இருக்கலாம். அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரே அகன்ற பலகைக்குப் பதில் 4 அங்குலப் பலகைகள் ஆறினை வச்சிரத்தால் ஒட்டிச் சேர்ப்பது நலம். அடிச்சட்டத்தை ஒட்டலாகாது, திருகாணியால் முடுக்க வேண்டும். நடுத் துளை மட்டும் இறுக்கமாயிருக்க, ஓரத் துளைகளை நீளமாகக் குடைந்தால் பலகை வெடிக்காமல் அசைய வழியுண்டு. கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் கழுந்தும் துளையுமாகச் சேர்க்க வேண்டும். ஆணி மட்டும் போதாது.

மேற்புறம் மட்டும் மெருகிட்டு அடிப்புறத்தை விட்டுவிடுவது பெரும் பிழை. ஒரு முகம் ஈரத்தை உண்டு, மற்றது உண்ணாவிட்டால் பலகை வளையும். இரு முகங்களுக்கும் சமமாக ஆளிவிதை எண்ணெயோ அரக்கு மெருகோ பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தைகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தானே தீப்பற்றக் கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்திய பின்பே எறிய வேண்டும்.

அங்கத்தினர்களே! முற்கூறிய சங்கத்தின் கதை அங்கேயே முடியவில்லை. அடுத்த மகாசபையில் ஒரு மூத்த அங்கத்தினர் எழுந்து, "பிழை தச்சர் கையில் இல்லை, பொறுக்க மாட்டாத நம்மிடமே இருக்கிறது" என்றார். சபை நெடுநேரம் மௌனமாயிருந்தது. பின்பு, நிறுத்தி வைத்த கூலியைக் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை முன்மொழிந்தவர் பொக்கிஷதாரே. மறு மேஜைக்குப் பழைய வீட்டின் தேக்குக் கைம்மரங்கள் வாங்கப்பட்டன. இந்தத் தடவை மரம் பார்க்கத் தச்சரே முன்னின்றார். பொக்கிஷதார் அளவுக் காகிதத்தோடு பின்சென்றார். அந்த மேஜை பல கோடைகளைக் கண்டும் அசையாமல் நிற்கிறது.

இந்நாட்டில் ஐக்கிய நாணய சங்கங்களுக்கு 1904-ம் வருஷம் சட்டம் ஏற்பட்டது. அது முதல், கடன் கேட்பவரிடம் சங்கம் கேட்டுவரும் கேள்விகள் சிலவே: எதற்காக? எவ்வளவு? எப்பொழுது, எவ்விதம் திரும்பும்? மரம் வாங்குமுன் கேட்க வேண்டியவையும் ஏறக்குறைய அவையே. எதற்காக மேஜை? எவ்வளவு மரம்? எப்பொழுது உலரும்? இவற்றுக்கு விடை எழுதிய பின்பு பணப்பையைத் திறப்பவர் மரத்திலும் ஏமாறார், கடனிலும் ஏமாறார்.

ஆகவே, மேஜை வேண்டுவோர் முதலில் சுண்ணாம்புக் கட்டியை எடுக்கட்டும். பிறகு காகிதத்தை எடுக்கட்டும். அதன் பின்பு தராசை எடுக்கட்டும். கடைசியில் ரம்பத்தை எடுக்கட்டும். தச்சர் "பொறுங்கள்" என்று சொன்னால் பொறுக்கட்டும். பொறுத்த மாதங்களை அந்த மேஜை வருஷங்களாகத் திருப்பிக் கொடுக்கும்.